பழம் எது, பெயர் எது?

பெயர் என்பது ஒரு பொருளைச் சுட்டுவதற்காக மனிதன் வைத்துக்கொண்ட அடையாளம். வழங்க வழங்க அந்த அடையாளம் பொருளைக் காட்டிலும் பெரிதாகிவிடுகிறது. பெயரைக் கேட்டவுடன் பொருளையே அறிந்துவிட்டதாக மனம் நிறைவு கொள்கிறது. மேற்கொண்டு விசாரிப்பதை விட்டுவிடுகிறது. வேதாந்த நூல்கள் 'நாமரூபம்' என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லும்போது நாமத்தை முதலில் வைத்திருப்பது கவனிக்கத்தக்கது. உருவம் அழிந்த பிறகும் பெயர் நிற்கிறது. மனிதனைக் கட்டுவதில் உருவத்தைவிடப் பெயரின் பிடி வலிது. இதை விளங்கிக்கொள்வதற்கு, கோடையில் வீதிக்கு வந்துசேரும் மாம்பழமே ஒரு நல்ல ஆசிரியன்.

ஓர் ஒலி, மூன்று பொருள்

புதுதில்லியில் லோதி ரோட்டையும் அதை அடுத்த லோதி காலனியையும் சார்ந்து தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்திருக்கின்றன. அவர்களில் பலர் மத்திய அரசுப் பணியின்பொருட்டுத் தலைநகருக்கு வந்தவர்கள். அத்தகைய வீடு ஒன்றில் ஜூன் மாதத்துக் காலைப்பொழுதை எண்ணிப் பார்க்கலாம். வீதியில் தள்ளுவண்டிக்காரர் 'ஆம்' என்று கூவிச் செல்கிறார். கூடத்தில் பாட்டி பேரனுக்குத் தமிழ்ப் பாடம் சொல்லிக்கொடுக்கிறார். 'ஆம்' என்பது உடன்பாட்டைக் குறிக்கும் சொல் என்று விளக்குகிறார். மேசைமேல் கிடக்கும் ஹிந்தி நாளிதழின் தலைப்பில் 'ஆம் ஆத்மி' என்று அச்சாகியிருக்கிறது. ஒலி ஒன்றுதான். பேரனுடைய காதில் விழும்போது அது பழமாகவும், சம்மதமாகவும், சாமானிய மனிதனாகவும் மூன்று பொருள் கொள்கிறது.

பழத்தைக் குறிக்கும் 'ஆம்' வடமொழியின் 'ஆம்ர' என்ற சொல்லிலிருந்து வந்தது. சாமானியம் என்ற பொருளுடைய 'ஆம்' அரபு மொழியிலிருந்து பாரசீகத்தின் வழியாக ஹிந்துஸ்தானியில் கலந்தது. செங்கோட்டையில் பொதுமக்களுக்குப் பேரரசர் காட்சி கொடுத்த மண்டபம் 'திவானே ஆம்'. தேர்ந்த சிலருக்கு மட்டும் இடம் தந்த மண்டபம் 'திவானே காஸ்'. அந்தப் பொது 'ஆம்'தான் 'ஆம் ஆத்மி' என்ற தொடரிலும் இருக்கிறது. 2012ஆம் ஆண்டு அத்தொடரே ஓர் அரசியல் கட்சியின் பெயராகவும் ஆயிற்று. தமிழின் 'ஆம்' இவ்விரண்டோடும் உறவற்றது. 'ஆகும்' என்பதன் இடைக்குறை. மூன்று மொழிகளிலிருந்து புறப்பட்ட மூன்று சொற்கள் ஒரே ஒலியில் வந்து சந்தித்திருக்கின்றன. ஒலி தானாக எதையும் சொல்வதில்லை; கேட்பவனுடைய மனம்தான் பொருளை ஏற்றுகிறது என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டுமோ?

பெயர்களின் சந்தை

வண்டிக்காரர் வெறுமனே 'ஆம்' என்று நிறுத்திக்கொள்வதும் இல்லை. தசேரி, லங்கடா, சௌஸா என்று ஒவ்வொரு குவியலுக்கும் ஒரு பெயர் சொல்கிறார். தசேரி என்பது லக்னோவுக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரின் பெயர். 'லங்கடா' என்றால் ஹிந்தியில் நொண்டி என்று பொருள். காசியில் கால் ஊனமுற்ற ஒருவர் வளர்த்த மரத்திலிருந்து அவ்வினம் பரவியதாகச் சொல்வர். வளர்த்தவருடைய இயற்பெயர் பொதுவழக்கில் நிற்கவில்லை. அவரது ஊனம் மட்டும் இனிய கனியின் பெயராக நிலைத்துவிட்டது. சௌஸா என்பது பீகாரில் ஒரு போர்க்களம். 1539ஆம் ஆண்டு அங்கே ஷேர்ஷா ஹுமாயூனைத் தோற்கடித்தார். அவ்வெற்றியின் நினைவாகத் தமக்கு விருப்பமான மாம்பழத்துக்கு அப்பெயரிட்டார் என்பது வழிவழியாக வரும் செய்தி. தோற்ற ஹுமாயூனின் கல்லறை லோதி ரோட்டின் கிழக்கு முனையிலிருந்து சிறிது தொலைவில்தான் இருக்கிறது. அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் வழியில் சௌஸா வாங்கிச் சுவைக்கிறார்கள். அந்த இனிப்பில் ஒரு மன்னனுடைய தோல்வி ஒளிந்திருப்பதை எவரும் நினைப்பதில்லை.

மேற்குக் கடற்கரையின் அல்போன்ஸோவில் போர்த்துகீசியத் தளபதி அல்புகர்க்கின் முதற்பெயர் தங்கியிருக்கிறது. பங்கனபள்ளியில் ஓர் ஆந்திர ஊர் வாழ்கிறது. ஆங்கிலேயர் இக்கனிக்கு வழங்கும் 'மேங்கோ' என்ற பெயரும் தமிழ்நாட்டு அடுக்களையில் பிறந்ததே. 'மாங்காய்' என்ற சொல் போர்த்துகீசியருடைய நாவில் 'மங்கா' ஆகி, பிறகு ஐரோப்பிய மொழிகளுக்குச் சென்றது. காயின் பெயர் பயணம் செய்து, அங்கே பழத்துக்கும் அதுவே பெயராயிற்று!

சாலையின் பெயரும் இப்படித்தான். லோதி அரச வம்சம் 1526ஆம் ஆண்டு பானிபட்டில் முடிந்துபோயிற்று. ஐந்து நூற்றாண்டுகள் கழிந்த பிறகும் பேருந்தில் பயணிகள் 'லோதி ரோடு ஒன்று' என்று சீட்டு வாங்குகிறார்கள். சாலையோரத்துப் பூங்கா 1936ஆம் ஆண்டு திறக்கப்பட்டபோது வைஸ்ராயின் மனைவியுடைய பெயரால் லேடி வில்லிங்டன் பூங்கா எனப்பட்டது. நாடு விடுதலை பெற்ற பிறகு லோதி தோட்டம் ஆயிற்று. பெயர்ப்பலகை மாறியதை அங்குள்ள மரங்கள் அறியமாட்டா. நிழல் முன்போலவே விழுந்தது.

தன் பெயரைத் தேடிய கவிஞர்

லோதி ரோட்டின் கிழக்கே நிஜாமுதீன் பகுதியில் உருதுக் கவிஞர் மிர்ஸா காலிப் துயில்கொள்கிறார். 1869இல் மறைந்த அவருக்கு மாம்பழத்தின்மேல் தீராத பிரியம். அவருடைய மாணவர் ஹாலி 1897ஆம் ஆண்டு வெளியிட்ட வரலாற்று நூலில் ஒரு நிகழ்ச்சியைக் குறித்திருக்கிறார். பேரரசர் பகதூர் ஷா ஜஃபர் அரண்மனைத் தோட்டத்தில் உலவிக்கொண்டிருந்தார். காலிபும் உடன் சென்றார். மரங்களில் கனிகள் குலை குலையாகத் தொங்கின. அவை அரச குடும்பத்தாருக்கு மட்டுமே உரியவை. காலிப் ஒவ்வொரு கனியையும் அண்ணாந்து கூர்ந்து நோக்கியவண்ணம் நடந்தார். என்ன பார்க்கிறீர் என்று பேரரசர் வினவினார். ஒவ்வொரு தானியத்தின்மீதும் அதை உண்ணப்போகிறவனுடைய பெயர் எழுதப்பட்டிருக்கும் என்று பெரியோர் கூறியிருக்கிறார்கள்; இக்கனிகளில் எதன்மீதாவது தம் பெயரும் தம் தந்தை, பாட்டனார் பெயர்களும் காணப்படுகின்றனவா என்று தேடுவதாகக் கவிஞர் விடையளித்தார். பேரரசர் சிரித்தார். அன்றே ஒரு கூடைக் கனிகள் கவிஞர் இல்லம் சேர்ந்தன.

நகைச்சுவையோடு சொல்லப்பட்ட இந்த விடையில் ஆழ்ந்த செய்தி ஒன்று அடங்கியிருக்கிறது. 'ஆம்' என்றால் பொது. அப்பெயர் கொண்ட பழமோ அத்தோட்டத்தில் பொதுவானதாக இல்லை, 'காஸ்' ஆகிவிட்டிருந்தது. கனியில் எவருடைய பெயரும் இல்லை என்பதைக் காலிப் அறிவார், பேரரசரும் அறிவார். பெயர் எழுதப்பட்டிருந்தது தோட்டத்தின் மதிலில்தான். மரம் மண்ணிலிருந்து நீரை உறிஞ்சும்போது அரசனுக்கென்று தனியாக உறிஞ்சுவதில்லை. சூரியன் கனியைப் பழுக்க வைக்கும்போது உண்பவனுடைய குலத்தைக் கேட்பதில்லை. பொதுவானதைச் சிறப்பாக்கித் தனக்கென்று வேலி போடுவது மனிதனுடைய 'நான், எனது' என்ற எண்ணம்.

அதே எண்ணம் பழத்தோடு நின்றுவிடுவதில்லை. எல்லா உயிர்களிலும் பொதுவாக ஒளிரும் ஆத்ம சைதன்யத்தின்மீதும் அது வேலி போடுகிறது. இன்ன ஊரினன், இன்ன மொழியினன், இன்ன பதவியில் இருப்பவன் என்று எழுதி மாட்டுகிறது. பிறகு கனிதோறும் தன் பெயரைத் தேடி அலைகிறது. கிடைத்தால் மகிழ்ச்சி, கிடைக்காவிட்டால் துயரம்.

இரு கனிகள், ஒரே பெயர்

தமிழ்நாட்டின் பக்தி மரபுக்கும் மாங்கனி அந்நியமன்று. காஞ்சியில் இறைவன் ஏகாம்பரநாதர், ஒற்றை மாமரத்தின் நாதர். அம்மரத்தின் நான்கு கிளைகளை நான்கு வேதங்களாகக் கண்டனர் அடியார்கள். காரைக்காலில் ஆனி மாதப் பௌர்ணமியையொட்டி மாங்கனித் திருவிழா நடைபெறுகிறது. பிட்சாடனர் வீதியுலா வரும்போது மக்கள் மாடிகளிலிருந்து கனிகளை வீசுகிறார்கள். கீழே நிற்பவர்கள் அவற்றைப் பிரசாதமாகக் கருதி ஏந்திக்கொள்கிறார்கள்.

அவ்விழாவுக்குக் காரணமான வரலாற்றைப் பெரியபுராணம் கூறுகிறது. வணிகன் பரமதத்தன் இரண்டு மாங்கனிகளை வீட்டுக்கு அனுப்பினான். மனைவி புனிதவதியார் பசியோடு வந்த சிவனடியாருக்கு ஒன்றைப் படைத்தார். கணவன் உணவுக்கு அமர்ந்தபோது எஞ்சிய கனியை இட்டார். அதன் சுவையில் ஈடுபட்ட அவன் மற்றொன்றையும் கேட்டான். செய்வதறியாது அவர் இறைவனை நினைக்க, கையில் ஒரு கனி வந்தது. அதை உண்டதும் பரமதத்தன் திகைத்தான். முன்னதன் சுவை வேறு, இதன் சுவை வேறு. இது எங்கே கிடைத்தது என்று கேட்டான். நடந்ததை மறைக்காமல் அவர் உரைத்தார்.

இங்கே சிந்திக்கவேண்டியது ஒன்று உண்டு. இலையில் விழுந்த இரண்டுக்கும் பெயர் 'மாம்பழம்'தான். இரண்டின் தோற்றமும் ஒன்றாகவே இருந்திருக்கவேண்டும். இல்லாவிட்டால் உண்பதற்கு முன்பே அவன் கேட்டிருப்பான். நாமமும் ரூபமும் வேறுபாட்டைக் காட்டவில்லை. சுவைதான் காட்டிற்று. அனுபவம் ஒன்றே பெயரைக் கடந்து பொருளைத் தொடுகிறது. ஆனால் பரமதத்தன் சுவைத்தும் அஞ்சினான். அருளின் சுவை நாவில் பட்டபோது அதனுள் ஆழ்ந்துபோகாமல், மனைவியைத் தெய்வம் என்று ஒதுக்கி விலகிச் சென்றான். வேறு ஊரில் மணந்து, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்ற அதே பெயரைச் சூட்டினான். பெயரைத் தன்னோடு வைத்துக்கொண்டான். பெயருக்கு உரியவரின் அருகில் நிற்க அவனால் இயலவில்லை. அம்மையாரோ உடலின் அழகையும் இல்லற அடையாளத்தையும் உதறிவிட்டுக் கயிலைக்குச் சென்றார். இறைவனே 'அம்மையே' என்று அழைத்த பெயர் அவருக்கு வாய்த்தது. அது அவர் தேடிப் பெற்றதன்று. எல்லாம் நீங்கியபின் தானாக வந்தது.

'பழம் நீ'

பழத்தின் பெயரால் தமிழர் மனத்தில் நிலைபெற்ற மற்றொரு தலம் பழனி. நாரதர் கயிலைக்கு ஒரு கனி கொண்டுவந்தார். உலகை முதலில் வலம் வருபவருக்கே கனி என்றாயிற்று. முருகன் மயிலேறிப் பறந்தார். விநாயகர் தாய் தந்தையரைச் சுற்றிவந்து கனியைப் பெற்றார். வெறுங்கையோடு திரும்பிய பாலகன் சினந்து மலையேறி நின்றபோது, 'பழம் நீ' என்று அவருக்கு உணர்த்தப்பட்டது; அதுவே பழனி என மருவியது என்பது மக்கள் வழக்கு. 1965ஆம் ஆண்டு வெளிவந்த 'திருவிளையாடல்' திரைப்படம் அக்கதையைப் பட்டிதொட்டியெங்கும் கொண்டுசேர்த்தது. சங்க நூலில் வரும் 'பொதினி' என்ற பெயரே பழனியாக மாறிற்று என்று சொல்லாராய்ச்சியாளர் கூறுவர். அது சொல்லின் வரலாறு. ஆயினும் 'பழம் நீ' என்று அச்சொல்லில் பொருள் கண்ட மக்கள் உள்ளம் அறியாமையால் அப்படிக் கண்டதாக நினைத்துவிடக் கூடாது. உபநிஷத்தின் உச்சியை இரண்டே தமிழ்ச் சொற்களில் அது தொட்டுவிட்டது.

சாந்தோக்ய உபநிஷத்தில் உத்தாலகர் தம் மகன் ச்வேதகேதுவுக்கு 'தத் த்வம் அஸி', அது நீயாக இருக்கிறாய் என்று ஒன்பது முறை உபதேசிக்கிறார். அவ்வுபதேசங்களில் ஒன்றுக்குக் கருவியாக அமைந்ததும் ஒரு பழமே. ஆலம்பழத்தைக் கொண்டுவரச் சொல்லி, அதைப் பிளக்கச் சொல்லி, உள்ளிருக்கும் நுண்ணிய விதையையும் பிளக்கச் சொல்கிறார். 'என்ன காண்கிறாய்?' 'ஒன்றும் காணவில்லை.' காணப்படாத அந்த நுண்மையிலிருந்துதான் பெரிய ஆலமரம் எழுந்து நிற்கிறது. அதுவே நீ என்கிறார் தந்தை.

'அது' எங்கே, 'நீ' எங்கே? எல்லாம் அறிந்த ஈசனும் சிற்றறிவுடைய ஜீவனும் ஒன்றாவது எப்படி? ஆசார்யர்கள் இதற்கு ஒரு முறையை வகுத்துத் தந்திருக்கின்றனர். சொல்லின் நேர்ப்பொருளில் முரண்படும் பகுதியை மட்டும் விட்டு, முரண்படாத பகுதியைக் கொள்ளவேண்டும். சித்திரையில் பறித்தால் பல் கூசிய மாங்காய், ஆனியில் இனிக்கும் மாம்பழம். 'அந்தக் காய்தான் இந்தப் பழம்' என்று ஒருவர் சொன்னால் எவரும் மறுப்பதில்லை. புளிப்பையும் இனிப்பையும், பச்சையையும் மஞ்சளையும், அன்றையும் இன்றையும் ஒதுக்கிவிட்டு, இரண்டிலும் தொடர்ந்துவரும் ஒன்றையே கேட்பவர் கொள்கிறார். உவமை ஓரளவுக்கே பொருந்தும். கனி உண்மையில் மாறுதல் அடைகிறது, ஆத்மாவோ மாறுவதில்லை. ஆயினும் விடவேண்டியதை விட்டுக் கொள்ளவேண்டியதைக் கொள்ளும் அறிவு மனிதனுக்குப் புதியதன்று. மாங்காய் விஷயத்தில் எளிதாகச் செய்வதை 'நான்' என்ற சொல்லின் விஷயத்தில் செய்ய அவன் தயங்குகிறான்.

நாரதரின் துயரம்

கயிலைக்குக் கனி கொண்டுவந்ததாகக் கதை சொல்லும் அதே நாரதர் சாந்தோக்யத்தின் ஏழாம் அத்தியாயத்தில் வேறொரு கோலத்தில் வருகிறார். ஸனத்குமாரரை அணுகி உபதேசம் வேண்டுகிறார். இதுவரை கற்றதைச் சொல் என்கிறார் ஆசார்யர். நான்கு வேதங்கள், இதிகாச புராணம், இலக்கணம், கணிதம் என்று பட்டியல் நீளுகிறது. முடிவில் நாரதர் தம் நிலையை ஒளிக்காமல் வெளியிடுகிறார். சொற்களை மட்டுமே தாம் அறிந்திருப்பதாகவும் ஆத்மாவை அறியவில்லை என்றும் கூறுகிறார். ஆத்மாவை அறிந்தவன் துயரத்தைக் கடக்கிறான் என்று கேட்டிருக்கிறேன். நான் துயரத்தில் இருக்கிறேன். என்னைக் கரையேற்றுங்கள் என்கிறார். நீ கற்ற அனைத்தும் நாமமே என்பது ஸனத்குமாரரின் மறுமொழி. நாமத்தை அவர் இகழவில்லை. அதையும் உபாசிக்கச் சொல்கிறார். அங்கேயே நின்றுவிடாமல் படிப்படியாக எல்லையற்ற 'பூமா' வரை அழைத்துச் செல்கிறார். அத்தனை கற்றவருக்கும் துயரம் தீரவில்லை என்பதே அவ்வத்தியாயத்தின் தொடக்கம்.

அரசுக் குடியிருப்பின் வாசலில் இருக்கும் பெயர்ப்பலகையை எண்ணிப் பார்க்கலாம். பெயர், அதன்கீழ் பதவி. முப்பது ஆண்டுகள் உழைத்து ஒருவர் அப்பலகையை ஒவ்வோர் எழுத்தாக வளர்க்கிறார். பணி ஓய்வு பெறுகிறார். சில மாதங்களில் வீட்டை ஒப்படைக்கவேண்டும். பலகை கழற்றப்படுகிறது, ஆணி அடித்த இடத்தில் இரண்டு துளைகள். அடுத்த வாரம் வேறொரு பலகை அத்துளைகளை மறைத்துவிடுகிறது. வழியில் வணக்கம் சொன்னவர்கள் சொல்லாமல் போகிறார்கள். தொலைபேசி மணி ஓய்கிறது. உடலில் நோய் இல்லை, உணவுக்குக் குறைவில்லை, ஓய்வூதியம் வருகிறது. இருந்தும் உள்ளே ஏதோ இறந்துவிட்டதுபோல் அவர் வாடுகிறார். இறந்தது எது? நேற்று பலகைக்குப் பின்னால் உண்டு, உறங்கி, விழித்து, அறிந்துகொண்டிருந்தவர் இன்றும் அப்படியே இருக்கிறார். கழன்றது 'நான்' என்ற சொல்லின்மீது ஏற்றிய ஒரு பொருள் மட்டுமே. அதை அப்போது காண்பவர் பாக்கியவான். அதற்கு முன்பே, பலகை மாட்டியிருக்கும்போதே காண்பவர் விவேகி.

காம்பிலிருந்து விடுபடுதல்

இன்னொரு பலகையும் ஒருநாள் கழற்றப்படும். அதை வாங்கிக்கொள்ள வேறு வீடு இல்லை. பிருஹதாரண்யக உபநிஷத் மரணத்தைச் சொல்லும் இடத்தில் மாம்பழத்தையே உவமையாக எடுத்துக்கொள்கிறது. மாங்கனியோ அத்திப்பழமோ அரசம்பழமோ கட்டிலிருந்து விடுபடுவதுபோல் ஜீவன் இவ்வுடலின் உறுப்புகளினின்றும் விடுபடுகிறான் என்கிறது. உவமை அமைந்திருக்கும் நயத்தை உணரவேண்டும். காயைப் பறித்தால் காம்பில் பால் வடிகிறது. மரத்துக்கும் காய்க்கும் அது காயம். கனிந்தது தானே நழுவுகிறது. மரம் அசைவதும் இல்லை. விடுபடுதல் இருவகைக்கும் பொது. வலி, கனியாததற்கே உரியது.

தமிழில் 'பழம்' என்ற சொல்லுக்கு எத்தனையோ வழக்குகள். முதிர்ந்த ஞானியை ஞானப்பழம் என்கிறார்கள். திருநீறு துலங்கும் பெரியவரைச் சிவப்பழம் என்கிறார்கள். விவரம் அறியாதவனையும் 'சரியான பழம்' என்று கேலி செய்கிறார்கள். சண்டையிட்ட குழந்தைகள் 'காய்' விட்டுப் பிரிகிறார்கள். 'பழம்' விட்டுச் சேர்கிறார்கள். இவற்றில் குழந்தைகளின் வழக்கு சாதகனுக்கு மிக அண்மையானது. காய் என்றால் பிரிவு, பழம் என்றால் உறவு என்பதை அவர்கள் எந்த நூலிலும் படித்து அறியவில்லை. புளிப்பு மாறி இனிப்பு வந்தால் பகை நிற்காது. பெயர்களால் பிரிந்தவர்கள் சேரும் இடமும் அந்தக் கனிவே.

மாந்தோப்புக்குள் சென்றவன் கிளைகளையும் இலைகளையும் எண்ணிக்கொண்டு நிற்காமல் கனியை உண்ணவேண்டும் என்று ஸ்ரீராமகிருஷ்ணர் அடிக்கடி அறிவுறுத்துவார். கனியின் பெயர்களையும் கதைகளையும் எண்ணிக்கொண்டிருப்பதும் இலை எண்ணுவதே. ஆகவே ஒவ்வொரு நாளும் சிறிது நேரம் அமர்ந்து, 'நான்' என்ற சொல்லில் அன்றைய தினம் எவையெல்லாம் வந்து ஒட்டிக்கொண்டன என்று பார்ப்பது நல்லது. பெற்ற புகழ், கேட்ட பழி, பதவி, உறவு, வயது, நோய் ஆகிய ஒவ்வொன்றையும் தோலை உரிப்பதுபோல் மெல்ல விலக்கிப் பார்க்கவேண்டும். அவற்றை வெறுக்க வேண்டாம். தோலும் கனியைக் காத்ததே. விலக்கியபின் எஞ்சி நின்று, விலக்கியதையும் அறிந்துகொண்டிருக்கும் அவ்வறிவு எவருக்கும் தனியுரிமையானதன்று. தள்ளுவண்டிக்காரரிடமும் அதே அறிவு, பாட்டியிடமும் அதே அறிவு, பேரனிடமும் அதே அறிவு. அது உண்மையான 'ஆம்', அனைவருக்கும் பொது. 'அது நீ' என்று குரு உரைக்கும்போது மாணவனுடைய உள்ளத்திலிருந்து எழவேண்டிய விடையும் அந்த ஒரு சொல்லே.